கச்சத்தீவுக்கு 10 நாள், வங்கதேச எல்லைக்கு 41 ஆண்டு: இரண்டும் 1974-ல் போட்ட ஒப்பந்தம்தான்

1974 மே 16. டெல்லியில் பிரதமர் இந்திரா காந்தியும் வங்கதேசப் பிரதமர் ஷேக் முஜிபுர் ரஹ்மானும் நில எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஆறே வாரத்தில் அடுத்த அண்டை நாட்டுடன் இன்னொரு ஒப்பந்தம். ஜூன் 26-ல் கொழும்பில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும், 28-ல் டெல்லியில் இந்திரா காந்தியும் பாக் நீரிணையில் கடல் எல்லையை வரையறுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது இதில்தான்.

அதே பிரதமர், அதே நாடாளுமன்றம், அதே அரசியலமைப்புச் சட்டம். ஆனால் இலங்கை ஒப்பந்தம் பத்தே நாளில், ஜூலை 8-ம் தேதி அமலுக்கு வந்துவிட்டது. வங்கதேச ஒப்பந்தத்தில் சொன்ன நிலங்கள் கைமாற 2015 ஜூலை 31 நள்ளிரவு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்ட இருவருமே அதற்குள் படுகொலை செய்யப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

இந்த வித்தியாசத்துக்கு வெளியுறவு அரசியல் ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் உள்ளூர்ச் சட்டத்தில் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு நிலத்தை ‘நம்முடையது’ என்று எழுதுவதா, ‘தகராறில் இருப்பது’ என்று எழுதுவதா என்பதில் இருக்கிறது.

கையெழுத்துப் போட்டாச்சு, அப்புறம் என்ன?

நிச்சயதார்த்தம் முடிந்தால் கல்யாணம் முடிந்ததாகிவிடாது. வெளிநாட்டு ஒப்பந்தமும் கிட்டத்தட்ட அப்படித்தான். அடுத்து என்ன சடங்கு பாக்கி என்பதை ஒவ்வொரு நாட்டின் அரசியலமைப்பும் தனித்தனியாக முடிவு செய்கிறது. நெதர்லாந்தில், குடிமக்களை நேரடியாகக் கட்டுப்படுத்தும் ஒப்பந்த விதி ஒன்று உள்நாட்டுச் சட்டத்தோடு மோதினால், ஒப்பந்தம்தான் ஜெயிக்கும். பிரிட்டன் இதற்கு நேர் எதிர். அரசு எதில் கையெழுத்துப் போட்டாலும், நாடாளுமன்றம் சட்டம் போடாதவரை உள்ளூர் நீதிமன்றத்தில் அதற்குச் செல்லுபடி கிடையாது.

இந்தியா எடுத்துக்கொண்டது பிரிட்டன் வழியை. ஒப்பந்தம் போடும் அதிகாரம் மத்திய அரசுக்கு. முன்கூட்டியே நாடாளுமன்றத்தில் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அமெரிக்காவில் முறைப்படியான ஒப்பந்தத்துக்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். இங்கே அந்தக் கதவே இல்லை. குடிமக்களின் உரிமையையோ, இருக்கும் சட்டத்தையோ மாற்ற வேண்டும் என்றால் மட்டும் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். அதற்கு வழி செய்வது 253-வது பிரிவு. விஷயம் மாநிலப் பட்டியலில் இருந்தாலும், ஒப்பந்தத்தை நிறைவேற்ற மத்திய அரசு சட்டம் போடலாம் என்கிற அளவுக்கு வலுவான பிரிவு அது.

அப்படியானால் நாட்டின் நிலத்தையே விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் வந்தால்? அரசியலமைப்பு இதை நேரடியாகச் சொல்லவில்லை. பதில் சொன்னது வடக்கு வங்காளத்தில் உள்ள ஒரு சின்னப் பகுதி.

பேருபாரி: பிரதமர் கொடுத்தார், நீதிமன்றம் நிறுத்தியது

ஜல்பைகுரி மாவட்டத்தின் பேருபாரி யூனியன் மொத்தமே சுமார் 8.75 சதுர மைல். 1947-ல் ராட்கிளிஃப் கோடு போட்டபோது, எழுத்தில் சொன்னதும் வரைபடத்தில் வரைந்ததும் ஒத்துப்போகவில்லை. பேருபாரி இந்திய நிர்வாகத்தில் வந்தது. 1952-ல் பாகிஸ்தான் உரிமை கோரியது. 1958 செப்டம்பரில் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் ஃபெரோஸ் கான் நூனும் பேசி, ஆளுக்குப் பாதி என்று முடித்துக்கொண்டார்கள். கூடவே, இரு நாட்டுக்குள்ளும் தீவு தீவாகக் கிடந்த அடுத்த நாட்டு நிலத்துண்டுகளையும் பரிமாறிக்கொள்வது என்று முடிவானது.

மேற்கு வங்கத்தில் கொந்தளிப்பு. இதற்குச் சட்டம் தேவையா, தேவையென்றால் எந்த வகைச் சட்டம் என்று குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். அரசின் வாதம் எளிமையானது: ‘நாங்கள் நிலத்தைக் கொடுக்கவில்லை, ஏற்கெனவே இருந்த கோட்டின் குழப்பத்தைத் தெளிவுபடுத்துகிறோம்’.

எட்டு நீதிபதிகள் அமர்வு 1960 மார்ச்சில் இதை ஏற்க மறுத்தது. ராட்கிளிஃப் என்ன சொன்னார் என்று ஆராய்ந்து, அதன்படி இது உன் பங்கு, இது என் பங்கு என்று பிரித்திருந்தால் அது தெளிவுபடுத்தல். பாதிக்குப் பாதி வெட்டிக்கொண்டால் அது விட்டுக்கொடுத்தல்தான் என்பது நீதிமன்றத்தின் பார்வை. நாட்டின் நிலப்பரப்பைச் சொல்வது அரசியலமைப்பின் முதல் பிரிவும் முதல் அட்டவணையும். அதில் ஒரு துண்டை வெளிநாட்டுக்குக் கொடுப்பதென்றால் சாதாரணச் சட்டம் போதாது, அரசியலமைப்புத் திருத்தமே வேண்டும் என்று கருத்துச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் 9-வது திருத்தம் வந்தது.

ஆனாலும் பேருபாரி பிரிக்கப்படவே இல்லை. வழக்குக்கு மேல் வழக்கு. அது முடிவதற்குள் 1971 போர் வந்தது, கிழக்குப் பாகிஸ்தானே இல்லாமல் போனது. 1974 ஒப்பந்தத்தில் முஜிபுர் ரஹ்மான் தென் பேருபாரியை இந்தியாவுக்கே விட்டுவிட்டார். பதிலுக்கு தஹாகிராம்-அங்கோர்போதா என்ற பகுதி வங்கதேசத்திடமே இருக்கும், அதற்குப் போய்வர தீன் பிகா என்ற இடத்தில் 178 மீட்டருக்கு 85 மீட்டர் துண்டு நிலத்தை இந்தியா நிரந்தரக் குத்தகைக்குத் தரும் என்று ஏற்பாடு.

வங்கதேசம் அதே 1974 நவம்பரில் தன் அரசியலமைப்பைத் திருத்தி வேலையை முடித்துவிட்டது. இந்தியா முடிக்கவில்லை.

நாட்டுக்குள் நாடு, அதற்குள் நாடு

41 ஆண்டு என்பது காகிதத்தில் ஓர் எண். கூச் பெஹார் பக்கத்தில் அது இரண்டு தலைமுறை.

வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டுகள், இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டுகள். உள்ளூரில் ‘சிட்மஹால்’ என்பார்கள். கூச் பெஹார் ராஜாவும் ரங்பூர்க்காரர்களும் சூதாட்டத்தில் கிராமங்களைப் பணயம் வைத்ததால் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. கதை சுவாரஸ்யம், வரலாறு அப்படி இல்லை. முகலாயர் காலத்து வரிவசூல் எல்லைகள் நவீன நாடுகளின் எல்லையாகிப் போனதன் விளைவு அது. தஹலா கக்ராபாரி என்ற வயல்துண்டு வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியாவுக்குள் இருந்த வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியா. உலகில் வேறெங்கும் இப்படி ஒன்று இருந்ததில்லை.

அங்கே வாழ்ந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இல்லை. சொந்த நாடு அவர்களைச் சென்றடைய முடியாது, சுற்றியிருக்கும் நாடு அவர்களைத் தன் குடிமக்களாக எண்ணாது. கரன்ட் கம்பி தலைக்கு மேல் போகும், வீட்டுக்குள் வராது. ஓட்டு இல்லை, போலீஸ் இல்லை, அரசுப் பள்ளி இல்லை. தன் நாட்டுக்குப் போக விசா வேண்டும், விசா வாங்க நகரத்துக்குப் போக வேண்டும், நகரத்துக்குப் போக எல்லை தாண்ட வேண்டும், எல்லை தாண்டினால் குற்றம். மருத்துவமனையில் சேர வேறொருவரைக் கணவர் என்று சொன்ன கர்ப்பிணிகள், பள்ளியில் சேர வேறொருவரை அப்பா என்று எழுதிய பிள்ளைகள் பற்றியெல்லாம் செய்திகள் வந்திருக்கின்றன. 2011-ல் இரு நாடுகளும் சேர்ந்து எடுத்த கணக்கின்படி, மொத்தம் 51,000-க்கும் மேற்பட்டவர்கள்.

இவர்களை விடுவிக்கத் தேவைப்பட்டது ஓர் அரசியலமைப்புத் திருத்தம். இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு. மாநிலங்களின் ஒப்புதல் சட்டப்படி தேவையில்லை. ஆனால் ‘இந்திய நிலத்தைக் கொடுக்கும் மசோதா’ என்ற பெயரைச் சுமக்க எந்தக் கட்சிக்கு ஆசை வரும்? பரிமாற்றத்தில் இந்தியா கொடுப்பது சுமார் 17,160 ஏக்கர், வாங்குவது சுமார் 7,110 ஏக்கர். அந்தத் துண்டுகளில் இந்திய நிர்வாகம் கால் வைத்ததேயில்லை என்பது உண்மைதான். ஆனால் அதை மேடையில் விளக்கி ஓட்டு வாங்குவது கஷ்டம்.

திருத்தம் தேவையில்லாத பகுதி மட்டும் முன்னே நகர்ந்தது. தீன் பிகா குத்தகை என்பது நிலத்தை விட்டுக்கொடுப்பது ஆகாது, இறையாண்மை இந்தியாவிடமே இருக்கிறது என்று 1990-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1992-ல் அந்தப் பாதை திறக்கப்பட்டது. அப்போதும் பகலில் குறிப்பிட்ட நேரம் மட்டும். 24 மணி நேரமும் திறக்க 2011 வரை ஆனது.

2013 டிசம்பரில் மன்மோகன் சிங் அரசு திருத்த மசோதாவை மாநிலங்களவையில் அறிமுகம் செய்தபோது பா.ஜ.க., திரிணமூல் காங்கிரஸ், அசாம் கண பரிஷத் எல்லாம் எதிர்த்தன. 2015 மே மாதம் பா.ஜ.க. அரசே அதைக் கொண்டுவந்தது. மக்களவையில் எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. 100-வது திருத்தம் நிறைவேறியது. அரசியலில் இதெல்லாம் சகஜம் என்று கடந்து போகலாம். நடுவில் போன ஒன்றரை ஆண்டையும் அந்த மக்கள்தான் காத்திருந்து கழித்தார்கள்.

கட்ச் கற்றுத்தந்த பாடம்

இப்போது தெற்கே திரும்புவதற்கு முன் மேற்கே ஒரு நிறுத்தம் தேவை. 1965-ல் குஜராத்தின் ரான் ஆஃப் கட்ச் உப்புப் பாலையில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. விஷயம் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. 1968 பிப்ரவரியில் தீர்ப்பு. பாகிஸ்தான் கேட்ட பகுதியில் சுமார் பத்தில் ஒரு பங்கு அதற்குக் கிடைத்தது.

பேருபாரியைக் காட்டி, இதற்கும் அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும் என்று பலர் வழக்குப் போட்டார்கள். 1969 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. எல்லை எது என்பதிலேயே உண்மையான தகராறு இருந்து, அதைத் தீர்த்துக்கொண்டால் அது நிலத்தை விட்டுக்கொடுப்பது ஆகாது. நம்முடையதாக இருந்ததே இல்லாத ஒன்றை எப்படிக் கொடுக்க முடியும்? அதனால் அரசு தன் நிர்வாக அதிகாரத்திலேயே இதைச் செய்யலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

இப்போது அரசின் முன் இரண்டு வழிகள். ‘விட்டுக்கொடுத்தல்’ என்றால் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ‘தகராறு தீர்த்தல்’ என்றால் ஒரு கையெழுத்து. ஐந்தே ஆண்டில் கச்சத்தீவு வந்தது.

கச்சத்தீவு எந்த வகை?

மத்திய அரசு எடுத்தது இரண்டாவது வழி. தீவின் மீது இரு தரப்பும் நெடுங்காலமாக உரிமை கோரிவந்தன, 1920-களிலிருந்தே பேச்சுவார்த்தை நடந்தது, எல்லை ஒருபோதும் வரையறுக்கப்படவில்லை, எனவே இந்தியா எதையும் கொடுக்கவில்லை. பிற்பாடு உச்ச நீதிமன்றத்திலும் இதையே சொன்னது.

1974 ஜூலையில் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அறிக்கை வாசித்தார். மீன்பிடி, யாத்திரை, கப்பல் போக்குவரத்து உரிமைகள் பாதுகாக்கப்பட்டுள்ளன என்றார். தி.மு.க.வின் இரா.செழியன், ராமநாதபுரம் எம்.பி. மூக்கையாத் தேவர் உள்ளிட்டோர் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனால் அவர்கள் எதிர்த்தது ஓர் அறிக்கையை. வாக்கெடுப்புக்கு வந்த மசோதா எதுவும் இல்லை. வங்கதேச ஒப்பந்தத்தை 41 ஆண்டு தடுத்து நிறுத்திய அந்தச் சட்டக் கதவு, இங்கே கட்டப்படவே இல்லை.

2008-ல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றத்துக்குப் போனது இந்தப் புள்ளியை வைத்துத்தான். தீவு ராமநாதபுரம் சேதுபதிகளின் ஜமீன் சொத்து, ஜமீன் ஒழிப்புக்குப் பின் அது சென்னை மாகாணத்துக்கு வந்தது, ஆக அது இந்திய நிலம். இந்திய நிலம் என்றால் பேருபாரி கருத்துப்படி திருத்தம் இல்லாமல் கொடுத்தது செல்லாது. 2011-ல் அவர் முதல்வரானதும் தமிழக வருவாய்த் துறையும் வழக்கில் சேர விண்ணப்பித்தது. 2013-ல் கருணாநிதியும் மனு போட்டார்.

எந்தப் பக்கம் வலு? தமிழ்நாட்டில் இதை உணர்ச்சியோடு பேசுவது வழக்கம். ஆனால் சட்டக் கேள்வி குறுகலானது. பேருபாரியில் மக்கள் குடியிருந்தார்கள், இந்திய நிர்வாகம் நடந்தது, அரசியலமைப்பு வந்த நாளிலிருந்து அது மேற்கு வங்கத்தின் பகுதி. கச்சத்தீவில் குடிநீர்கூட இல்லை, யாரும் நிரந்தரமாகக் குடியிருந்ததில்லை. அது மத்திய அரசின் வாதத்துக்குச் சாதகம். மறுபக்கம், கட்ச்சில் மூன்றாம் தரப்பு நடுவர் மன்றம் ஆவணங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னது. கச்சத்தீவில் அப்படி யாரும் பார்க்கவில்லை. தகராறு இருந்தது என்று சொல்வதும் அரசு, அதைத் தீர்த்ததும் அரசு. ஜமீன் ஆவணங்களை எடைபோட ஒரு மேடையே கிடைக்கவில்லை என்ற ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது.

உள்ளே ஜெயித்தால் வெளியே செல்லுமா?

ஒரு பேச்சுக்கு, உச்ச நீதிமன்றம் ‘1974 ஒப்பந்தம் அரசியலமைப்புக்கு முரண்’ என்று சொல்கிறது என்றே வைத்துக்கொள்வோம். தீவு திரும்ப வந்துவிடுமா?

வராது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு இந்திய அரசைக் கட்டுப்படுத்தும், இலங்கையைக் கட்டுப்படுத்தாது. ஒப்பந்தங்கள் குறித்த 1969 வியன்னா உடன்படிக்கையின் 27-வது பிரிவு, ‘எங்கள் ஊர்ச் சட்டம் இடம் தரவில்லை’ என்று சொல்லி ஒரு நாடு ஒப்பந்தத்திலிருந்து நழுவ முடியாது என்கிறது. 46-வது பிரிவில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. உள்நாட்டின் அடிப்படையான விதி ஒன்று அப்பட்டமாக, எதிர்த்தரப்புக்கே கண்கூடாகத் தெரியும்படி மீறப்பட்டிருந்தால் விதிவிலக்கு கேட்கலாம். இந்தியா இந்த உடன்படிக்கையில் சேரவில்லை. என்றாலும் இதன் முக்கிய விதிகள் எல்லா நாடுகளுக்கும் பொதுவான வழக்காறாகவே பார்க்கப்படுகின்றன. பாதி நூற்றாண்டாக இந்திய அரசே செல்லும் என்று சொல்லிவந்த ஒப்பந்தத்துக்கு அந்த ஜன்னல் திறக்குமா என்பது பெரிய சந்தேகம். கச்சத்தீவைத் திரும்பப் பெற வேண்டுமானால் போருக்குத்தான் போக வேண்டும் என்று 2014-ல் அட்டர்னி ஜெனரல் முகுல் ரோத்தகி உச்ச நீதிமன்றத்தில் சொன்னது கேட்கக் கரடுமுரடாக இருந்தது. அதன் பின்னால் இருந்தது இந்தச் சிக்கல்தான்.

இதன் தலைகீழ் வடிவத்தை அமெரிக்கா காட்டியிருக்கிறது. வெளிநாட்டில் கைதானால் தன் நாட்டுத் தூதரகத்தைத் தொடர்புகொள்ளும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று சொல்ல வேண்டியது கைது செய்த நாட்டின் கடமை. 1993-ல் டெக்சாஸில் கொலை வழக்கில் கைதான மெக்சிகோ நாட்டவர் ஹோசே மெடலினிடம் அதைச் சொல்லவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டது. மெக்சிகோ ஹேக் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 2004-ல் அது, இவர் உட்பட 51 மெக்சிகோக்காரர்களின் வழக்கை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. அதிபர் புஷ்ஷும் மாநில நீதிமன்றங்கள் அதை ஏற்க வேண்டும் என்றார். 2008 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஹேக் தீர்ப்பை உள்நாட்டில் செல்லுபடியாக்க நாடாளுமன்றம் சட்டம் போடவில்லை, அதிபர் மட்டும் சொன்னால் போதாது என்றது. ஆகஸ்ட் 5-ம் தேதி டெக்சாஸ் அவருக்குத் தண்டனையை நிறைவேற்றியது. சர்வதேச நீதிமன்றத்தில் மெக்சிகோ ஜெயித்த வழக்கு அது.

ஒரு கடிதம்

கச்சத்தீவில் இதுவரை பேசியது நிலத்தைப் பற்றி. ராமேஸ்வரத்து மீனவருக்கு நிலத்தைவிட முக்கியம் தண்ணீர்.

1974 ஒப்பந்தத்தின் 5-வது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் வழக்கம்போல விசா இல்லாமல் கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. போய்வரலாம் என்றால் மீன்பிடிக்கலாம் என்று அர்த்தமா? வலை காயப்போடலாம், இளைப்பாறலாம், அவ்வளவுதான் என்பது இலங்கையின் விளக்கம். 6-வது பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் மற்றவர் கடலில் பாரம்பரியமாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்கிறது. இதை வைத்து வாதாட ஓரளவு இடம் இருந்தது.

1976 மார்ச் 23-ல் மன்னார் வளைகுடா, வங்காள விரிகுடா எல்லைக்காக இரண்டாவது ஒப்பந்தம் கையெழுத்தானது. அன்றே இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் கேவல் சிங்கும் டபிள்யூ.டி.ஜயசிங்கவும் கடிதம் பரிமாறிக்கொண்டார்கள். ஒரு நாட்டு மீன்பிடிப் படகுகள் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்பது அதில் இருந்த வாசகம். அப்போது நாட்டில் அவசரநிலை. தமிழகத்தில் தி.மு.க. ஆட்சி ஜனவரி 31-ல் கலைக்கப்பட்டு, குடியரசுத் தலைவர் ஆட்சி. எதிர்த்துத் தீர்மானம் போடச் சட்டமன்றம்கூட இல்லை.

நிலத்தின் ஓர் ஏக்கரைக் கொடுக்க அரசியலமைப்பைத் திருத்த வேண்டும் என்று பேருபாரி சொன்னது. மீனவரின் பாரம்பரியக் கடல் உரிமைக்கு அந்த மாதிரி ஒரு காவல் இந்தியச் சட்டத்தில் இல்லை. இரண்டு அதிகாரிகளின் கடிதமே போதுமானதாக இருந்தது. 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் கச்சத்தீவை மீட்கக் கோரி மறுபடியும் தீர்மானம் போட்டது. வெளியுறவு விவகாரத்தில் அதற்குச் சட்டப்படி எந்தக் கட்டாயப்படுத்தும் பலமும் கிடையாது.

1974-ன் 5-வது பிரிவில் யாத்ரீகர் பகுதிக்கு மட்டும் இன்னும் உயிர் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை அந்தோணியார் திருவிழாவுக்கு ராமேஸ்வரத்திலிருந்து படகுகள் கிளம்புகின்றன. விசா கேட்பதில்லை. வலை மட்டும் எடுத்துப் போகக் கூடாது.